சம்மட்டிபுரம் முதல் கோரிப்பாளையம் வரை: சைக்கிளில் ஒரு வரலாற்று உலா



மதுரையில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையிடம், "கோரிப்பாளையம் என்ற பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "சம்மட்டிபுரத்தில் அடங்கியிருப்பவர் யார்?" என்றும் கேட்டுப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பெற்றோராகிய நமக்கே விடை தெரியாதபோது அவர்களுக்கு எங்ஙனம் தெரியும்? அன்றாடம் பேருந்தில் அந்த வழியாகத்தான் போகிறோம், வருகிறோம். பேருந்தின் சன்னல் வழியே நாம் காண்பது கடைகளின் பெயர்ப்பலகைகளை மட்டுமே. அவற்றின் பின்னே எழுநூறு ஆண்டுகள் ஒதுங்கி நிற்கின்றன.

பூமியில் பயணம் செய்து, முன் சென்றவர்களின் முடிவு எவ்வாறு ஆயிற்று என்று பாருங்கள் எனத் திருமறை நம்மைப் பல இடங்களில் அழைக்கிறது. அப்பயணத்திற்குக் கப்பலும் விமானமும் வேண்டும் என்பதில்லை. விடுமுறை நாளின் அதிகாலைப் பொழுதும், வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும் ஒரு சைக்கிளும் போதும். அத்தகைய ஓர் உலாவுக்கே இம்மாதம் உங்களை அழைக்கின்றோம்.

ஏன் சைக்கிள்?

நடந்து சென்றால் மூன்று இடங்களைப் பார்ப்பதற்குள் வெயில் ஏறிவிடும். மோட்டார் வாகனத்தில் சென்றாலோ, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் நினைவு வரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது மிதிவண்டி. சந்துக்குள் நுழையும், நினைத்த இடத்தில் நிற்கும், எதிரே வரும் பெரியவருக்கு ஸலாம் சொல்ல அவகாசம் தரும். பெட்ரோல் கேட்காது. ஓட்டுபவரின் உடம்புக்கும் நன்மை செய்யும்.

நம் தலைமுறைக்குச் சைக்கிள் புதியதன்று. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றிய பின் நம் ஊர்களில் சைக்கிள் பெருகிற்று. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டு முழங்காலைச் சிராய்த்துக் கொண்டவர்கள் இன்று தாத்தாக்களாகவும் நன்னாக்களாகவும் இருக்கிறார்கள். தமிழக அரசு மேல்நிலை மாணவ மாணவியருக்கு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகள் பல வீடுகளில், படிப்பு முடிந்த கையோடு மாடிப்படிக்கு அடியில் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றின் சக்கரங்களுக்குக் காற்றடித்தாலே பாதி வேலை முடிந்தது.

சைக்கிளில் ஊர் சுற்றிக் காட்டுவது இன்று உலகின் பல நகரங்களில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. நம் நாட்டின் தலைநகரில், பழைய தில்லியின் குறுகிய தெருக்களைச் சைக்கிளில் சுற்றிக் காட்டும் ஏற்பாட்டை டச்சு நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் 2009-இல் தொடங்கினார். ஜாமிஆ மஸ்ஜிதைச் சுற்றியுள்ள தெருக்களை அயல்நாட்டவர் வைகறையில் சைக்கிளில் சுற்றி வந்து வியக்கின்றனர். மதுரையிலும் இத்தகைய ஆர்வத்திற்குக் குறைவில்லை. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைத்து 2010-இல் தொடங்கிய 'பசுமை நடை' குழுவினர், கீழக்குயில்குடி, யானைமலை முதலிய குன்றுகளுக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் பாறையின் அருகே நின்று சமணச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் விளக்க, எல்லாச் சமயத்தாரும் கீழே அமர்ந்து கேட்டனர். மலைகளுக்கு அவர்கள் செய்ததை நம் மஹல்லாக்களுக்கு நாம் செய்ய வேண்டாமா?

வழிகாட்டி எப்படிப்பட்டவராக இருத்தல் வேண்டும்?

வண்டி இருந்தால் மட்டும் போதாது. வழிகாட்டி ஒருவர் வேண்டும். அவர் பாதை தெரிந்தவராக இருந்தால் போதாது. நம் முன்னோர் ஹதீஸ் கலையில் கையாண்ட முறை அவரிடம் இருக்க வேண்டும். ஒரு செய்தியைக் கேட்டதும் இமாம்கள் முதலில் கேட்ட கேள்வி என்ன? "இதை உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?" என்பதன்றோ? காதில் விழுந்ததையெல்லாம் ஆராயாமல் பரப்புவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அறிவிப்பாளர் தொடரை அலசி ஆராய்ந்த ஒரு சமுதாயம், தன் ஊர் வரலாற்றை மட்டும் செவிவழிச் செய்தியிலேயே விட்டுவிடலாகாது.

எனவே நம் வழிகாட்டி கையில் மூன்று கூடைகள் இருக்கட்டும். கல்வெட்டிலும் பழைய ஏட்டிலும் அரசாங்க ஆவணத்திலும் உள்ளவை முதற் கூடைக்கு. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் காத்துவரும் மரபுச் செய்திகள் இரண்டாவது கூடைக்கு. மக்கள் சுவைக்காகச் சொல்லி வளர்த்த கதைகள் மூன்றாவது கூடைக்கு. மூன்றுமே கேட்கத் தகுந்தவைதாம். ஆனால், ஒன்றை மற்றொன்றின் கூடையில் போட்டுவிடக் கூடாது. இந்த ஒழுங்கோடு மூன்று இடங்களைப் பார்த்து வருவோம், வாருங்கள்.

முதல் நிறுத்தம்: காஜிமார் தெரு

ஃபஜ்ர் தொழுகையைக் காஜிமார் பெரிய பள்ளிவாசலில் நிறைவேற்றிவிட்டுப் புறப்படுவது பொருத்தம். பெரியார் பேருந்து நிலையத்திற்கு அருகிலேயே இருக்கும் தெரு இது. எமன் நாட்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டில் காஜி சையிது தாஜுத்தீன் (ரஹ்) அவர்கள் வந்தார்கள் என்றும், பாண்டிய மன்னர் சுந்தர பாண்டியர் அவர்களுக்கு இந்நிலத்தை வழங்கினார் என்றும், அந்நிலத்திலேயே இப்பள்ளிவாசல் எழுந்தது என்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் சொல்லி வருகின்றனர். காஜிகள் வாழ்ந்த தெரு ஆதலின் காஜிமார் தெரு ஆயிற்று.

இச்செய்தி இரண்டாவது கூடையில் இருப்பது. எனினும், முதற் கூடையில் இதற்குத் துணை நிற்கும் சான்று உண்டு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ள நூலிலிருந்து, பாண்டியர்களின் குதிரை வாணிகம் அரபு வணிகர் கையில் இருந்ததையும், தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் பாண்டிய மன்னரின் அமைச்சராக விளங்கியதையும் அறிகிறோம். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் இந்தக் குதிரை வாணிகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இதிலிருந்து உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே: மதுரைக்கு முஸ்லிம்கள் முதன்முதலில் வாளேந்தி வரவில்லை, வணிகராக, அரசவையின் நம்பிக்கைக்குரியவராக வந்தார்கள். வடநாட்டுப் படை வந்தது அதற்குப் பின்னர்தான். இந்த முன்பின் வரிசை தெரியாதவரே, "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று யாரேனும் கேட்டால் திகைத்து நிற்பார்.

இரண்டாம் நிறுத்தம்: சம்மட்டிபுரம்

காஜிமார் தெருவிலிருந்து மேற்கே, காளவாசலைக் கடந்து தேனி சாலையில் வண்டியை விடுங்கள். பகற்பொழுதில் பேருந்துகளும் லாரிகளும் இடைவிடாது செல்லும் சாலை இது. ஆதலால் வைகறையிலேயே கடந்துவிட வேண்டும். சம்மட்டிபுரத்தில் கான் சாகிபு பள்ளிவாசலைக் காண்பீர்கள். இங்கு அடங்கியிருப்பவர் முகம்மது யூசுப் கான். மருதநாயகம் என்ற பெயரால் தமிழகம் அறிந்தவர் இவர்தாம். நடிகர் கமல்ஹாசன் 1997-இல் இங்கிலாந்து அரசியாரை அழைத்துத் தொடக்க விழா எடுத்தாரே, முடிவுறாமலே நின்றுபோன அந்தத் திரைப்படத்தின் நாயகர்.

முதற் கூடையில் உள்ளவற்றை முதலில் சொல்வோம். பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்தவர். 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவர்களை அலைக்கழித்தவர். 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவரிடம் வந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் வருவாய் சீர்பட அவர் வழி செய்ததை மதுரை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. பிறகு ஆர்க்காட்டு நவாபுக்கும் அவருக்கும் பகை முற்றியது. 1763-இல் கம்பெனியை எதிர்த்து நின்றார். கம்பெனிப் படையும் நவாபின் படையும் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டன. 1764 ஜூன் மாதத்தில் நடந்த பெருந்தாக்குதலை அவர் முறியடித்தார். போரில் வெல்ல முடியாதவரை, உடனிருந்தோரே காட்டிக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்த அடக்கத்தலத்தின்மீது 1808-இல் ஷேக் இமாம் என்பவர் சதுர வடிவில் சிறு பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார்.

தொழுகையில் இருந்தபோது பிடிபட்டார் என்பது பெரும்பாலோர் சொல்லும் செய்தி. தூக்குக் கயிறு இருமுறை அறுந்தது, தொடைக்குள் வைத்துத் தைத்திருந்த தாயத்தை எடுத்த பிறகே உயிர் பிரிந்தது என்பது மூன்றாவது கூடைக்குரிய கதை. பிள்ளைகள் இக்கதையைத்தான் வாய் பிளந்து கேட்பார்கள். சொல்லுங்கள்; ஆனால், கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

நேயர்களே, இங்கே வழிகாட்டிக்கு ஒரு சோதனை இருக்கிறது. இதே யூசுப் கான்தான் கம்பெனியின் தளபதியாக இருந்த காலத்தில் நெற்கட்டும்செவல் பூலித்தேவரை எதிர்த்துப் போரிட்டு, 1761-இல் அவருடைய கோட்டைகளைக் கைப்பற்றியவர். ஆங்கிலேயரை எதிர்த்து மடிந்த வீரர் என்பது உண்மை; ஆங்கிலேயருக்காக அதற்கு முன் வாளெடுத்தவர் என்பதும் உண்மை. முதற்பகுதியை மட்டும் சொல்லி மார்தட்டினால், மறுபகுதியைப் படித்துவிட்டு வரும் பிள்ளை நாளை நம்மை நம்பாது. இரண்டையும் நாமே சொல்லிவிட்டால் அப்பிள்ளை நம் சொல்லை என்றும் நம்பும். ஒரு மனிதரின் வாழ்க்கை எப்படித் திரும்பக்கூடும் என்ற படிப்பினையும் கிட்டும்.

ஆற்றைக் கடக்கும்போது

சம்மட்டிபுரத்திலிருந்து திரும்பி, ஆரப்பாளையம் வழியே வைகையைக் கடந்து செல்லூர்ப் பக்கம் வாருங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடினால் அது உங்கள் நல்வாய்ப்பு. பாலத்தின் ஓரமாக வண்டிகளை நிறுத்திச் சற்று மூச்சு வாங்குங்கள். அந்தப் பொழுதில் வழிகாட்டி ஒரு பயணியைப் பற்றிச் சொல்லட்டும்.

தில்லியின் சார்பில் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1335-இல் தில்லிக்குக் கீழ்ப்படிய மறுத்து மதுரையில் தனியரசு கண்டார். அவருடைய மகளை மணந்தவர் மொராக்கோ நாட்டு இப்னு பதூதா. தில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்த அவர், 1340களில் இலங்கையிலிருந்து புறப்பட்டு, கடலில் அல்லலுற்று நம் கரை வந்து சேர்ந்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் கியாசுத்தீன் தாமகானி. அவரும் ஜலாலுத்தீனின் மற்றொரு மகளை மணந்தவர். அதாவது இப்னு பதூதாவுக்குச் சகலை. மதுரையை அகன்ற வீதிகளையுடைய பெருநகர் என்றும், ஜலாலுத்தீன் இதைத் தில்லியைப் போல் அமைத்தார் என்றும் இப்னு பதூதா எழுதி வைத்தார். நகரில் அப்போது கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்ததையும் குறித்தார்.

அவர் எழுதிய மற்றொன்றும் உண்டு. அந்தச் சுல்தான் சிறைப்பட்ட எளிய மக்களை, பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல் கொன்ற கொடுமையைக் கண்டு அவர் உள்ளம் பதறினார். இத்தகைய செயலை வேறெந்த அரசரிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதற்காகவே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தம் நூலில் எழுதினார். சுல்தான் உறவினர், விருந்தளித்தவர், ஒரே மார்க்கத்தவர். ஆயினும் அநீதியை அநீதி என்றே எழுதினார் அந்த முஸ்லிம் காஜி. நம் வழிகாட்டிக்கு இவரைவிட நல்ல முன்மாதிரி வேறு யார்?

மதுரை சுல்தான்களின் ஆட்சி அரை நூற்றாண்டுகூட நீடிக்கவில்லை. விஜயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்பைத் தொடர்ந்து 1370களில் அது முடிவுற்றது. ஆட்சி போன பின்னும் முஸ்லிம்கள் இவ்வூரிலேயே நிலைத்து வாழ்ந்தனர் என்றால், அதற்குக் காரணம் அரியணையன்று. அக்கம்பக்கத்தாரோடு கொண்ட உறவுதான். அடுத்த நிறுத்தம் அதற்கே சாட்சி சொல்கிறது.

மூன்றாம் நிறுத்தம்: கோரிப்பாளையம்

செல்லூரிலிருந்து கிழக்கே வந்தால் கோரிப்பாளையம். 'கோர்' என்பது பாரசீகச் சொல்; கப்ரு என்று பொருள். கப்ருகள் உள்ள பாளையம், கோரிப்பாளையம். பாரசீகச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கைகோத்து ஒரே பெயராகி நிற்கும் அழகைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இங்குள்ள தர்காவில் சுல்தான் அலாவுத்தீன், சுல்தான் ஷம்சுத்தீன் ஆகியோர் அடங்கியிருக்கின்றனர். அவர்கள் உடன்பிறந்தோர் என்பது மரபு. ஜியாரத் பற்றி நம்மவரிடையே கருத்து வேற்றுமைகள் உண்டு. அதை இவ்விடத்தில் பேசப்போவதில்லை. எக்கருத்துடையவரும் இதன் வரலாற்றைக் கற்பதில் தடையேதும் இல்லையன்றோ?

வைகைக்கு வடகரையில் தொலைவிலிருந்தே தெரியும் இதன் பெரிய குவிமாடம் அழகர்மலையிலிருந்து கொணர்ந்த ஒரே கல்லால் ஆனது என்று மக்கள் சொல்வர். இது மூன்றாவது கூடை. ஆனால், இக்கதையிலும் ஒரு நயம் இருக்கிறது. முஸ்லிம்களின் தலத்துக்குக் கல் வந்த இடம் எது? கள்ளழகரின் மலை! அப்படி ஒரு கதையை மதுரை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்களே, அவர்கள் மனத்தில் இரண்டு இடங்களுக்கும் நடுவே சுவர் இருந்ததில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

இனி முதற் கூடை. தர்காவின் பராமரிப்புக்காகப் பாண்டிய மன்னர் விட்டுக்கொடுத்த நிலங்களைக் குறித்து நாயக்கர் காலத்தில் தகராறு எழுந்தது. அப்போது மதுரையை ஆண்டவர் வீரப்ப நாயக்கர். 1573-இல் அவர் வழக்கை விசாரித்து, பழைய கொடை செல்லும் என்று தர்காவுக்குச் சார்பாக முடிவு செய்தார். அம்முடிவு கல்லிலும் பொறிக்கப்பட்டது.

வீரப்ப நாயக்கர் எம்மதத்தவர்? விஜயநகர மரபில் வந்த இந்து அரசர். மதுரை சுல்தான்களின் ஆட்சியை முடித்ததும் அதே விஜயநகரம்தான். பழைய பகையைச் சாக்காகக் கொண்டு அவர் நிலத்தைப் பறித்திருந்தால் கேட்பார் யார்? அவர் அவ்வாறு செய்யவில்லை. ஆவணத்தைப் பார்த்தார், நியாயத்தைச் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். ஆனால், அவர் பெயர் நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில், அருகிலுள்ள தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையைக் காணலாம். 1959-இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது அது. மரநிழல் உண்டு. கொண்டுவந்த சிற்றுண்டியை அங்கே பகிர்ந்துண்டு, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள்.

இதனால் ஆகப்போவது என்ன?

"பழங்கதை தெரிந்து என்ன பயன்? பிள்ளை கணக்கிலும் அறிவியலிலும் மதிப்பெண் வாங்கினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். மதுரைக்குத் தெற்கே திருப்பரங்குன்றத்தைப் பாருங்கள். முருகன் கோயிலும், சிக்கந்தர் தர்காவும், சமணர் குகையும் ஒரே குன்றில் இருக்கின்றன. அம்மலையின் உரிமை பற்றிய வழக்கு 1920-இல் தொடங்கி, 1931-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 2025-இல் மீண்டும் வாதங்கள் எழுந்து நீதிமன்றப் படியேறின. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. அதில் நாம் நுழைய வேண்டியதில்லை. ஆனால், அந்த நாள்களில் கைப்பேசிகளில் பறந்த செய்திகளை நினைத்துப் பாருங்கள். நூறாண்டு வழக்கின் ஓர் ஏட்டையும் படிக்காதவர்கள் இரு பக்கத்திலும் எத்தனை பேர் பேசினார்கள்! வந்த செய்தியை யார் சொன்னது என்று கேளாமல் அடுத்தவருக்கு அனுப்பியோரில் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

ஊர் வரலாற்றை ஆண்டோடும் சான்றோடும் அறிந்த பிள்ளை கோபப்பட மாட்டான், பயப்படவும் மாட்டான். "இல்லை ஐயா, 1573-இல் வீரப்ப நாயக்கர் இப்படித் தீர்ப்புச் சொன்னார்" என்று அமைதியாகச் சொல்வான். பக்கத்து வீட்டு மாமாவும் "அப்படியா தம்பி?" என்று கேட்பார். இரண்டு வீடுகளுக்கு நடுவே அந்த ஓர் உரையாடல் நடந்துவிட்டால், ஆயிரம் வதந்திகள் வலுவிழந்து போகும்.

சகோதரிகளுக்கு ஒரு சொல்

இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடாதீர்கள். 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். கேலி பேசியோர் பேசினார்கள், ஓட்டியோர் ஓட்டினார்கள். வேலைக்குச் செல்லவும், தண்ணீர் கொண்டு வரவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

ஹிஜாபோடு ஓட்ட இயலாத வாகனமன்று சைக்கிள். பெண்களுக்கான வண்டியில் சங்கிலி மூடியும், பின்சக்கரத்தில் துணி சிக்காதிருக்க வலையும் பொருத்திவிட்டால் போதும். தந்தையும் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து புறப்படும் உலாவில் மகளை மட்டும் வீட்டில் விட்டுச் செல்வது நியாயமாகுமா? நாளை பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லப்போகிறவள் அவளன்றோ? தவறான கதை சொல்லப்பட்டால் அடுத்த தலைமுறை முழுவதும் தவறாகவே அறிந்து வளரும்.

எவ்வாறு தொடங்குவது?

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கட்டும். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரோ, கல்லூரியில் வரலாறு பயிலும் இளைஞரோ, இளம்பெண்ணோ எவராயினும் நன்று. அவர் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். மூன்று கூடைகளும் அதில் தனித்தனிப் பக்கங்களாக அமையட்டும். முதியோரிடம் கேட்டவற்றை யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்று குறித்து வைக்கட்டும். பள்ளிவாசல் அலமாரிகளில் கறையான் அரிக்கும் பழைய ஆவணங்களைப் படம் எடுத்துப் பாதுகாக்கட்டும். முதியோர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள், கறையானும் காத்திருக்காது.

உலாவுக்குச் சில ஒழுங்குகள். பத்துப் பேருக்கு மேல் ஒரே அணியில் வேண்டாம். முன்னும் பின்னும் பெரியவர் ஒருவர் ஓட்டட்டும். முந்திய நாளே காற்றும் பிரேக்கும் பார்த்துவிடுங்கள். தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் மறவாதீர்கள். மொத்தப் பாதை ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நின்று பார்த்துப் பேசி வந்தாலும் வெயில் கடுமையாகும் முன் வீடு திரும்பலாம். எந்தத் தலத்திலும் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள்; தொழுபவரையும் துஆச் செய்பவரையும் படம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறோம். புறப்படும் நாளில், அடுத்த வீட்டு இந்துச் சகோதரரின் பிள்ளையையும், எதிர்வீட்டுக் கிறிஸ்தவச் சகோதரரின் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். கோரிப்பாளையத்து வரலாற்றில் வீரப்ப நாயக்கருக்கு இடம் இருக்கும்போது, உங்கள் சைக்கிள் அணியில் அவர்களுக்கு இடம் இல்லாமலா போகும்?

மதுரையில் இல்லாத நேயர்கள் ஏமாற்றம் அடைய வேண்டாம். காயல்பட்டினத்திலும், கீழக்கரையிலும், நாகூரிலும், உங்கள் சிற்றூரின் மேலத்தெருவிலும் இத்தகைய கற்கள் காத்திருக்கின்றன. அடுத்த விடுமுறை நாளில் உங்கள் ஊரில் மூன்று இடங்களைத் தேர்ந்து, மூன்று கூடைகளையும் நிரப்பிப் பாருங்கள். முதற் கூடையில் என்ன கிடைத்தது என்பதை எங்களுக்கும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மற்றோர் ஊரில் சந்திப்போம்.